பழைய கோவாவின் அகுஸ்தினார் மணிக்கூண்டை வழிகாட்டியுடன் குழுவாகச் சென்று பார்ப்பது பயனுள்ளதா?

பயனுள்ளது. ஆனால் கூண்டை மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். அதில் தொங்கிய மணி இப்போது பனாஜியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.

நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவள். எங்கள் பங்கிலிருந்து 42 பேர், பெரும்பாலும் மீனவக் குடும்பத்தினர், புனித சவேரியாரின் உடலைத் தரிசிக்கச் சென்றிருந்தோம். அவர் உடல் இருக்கும் பொம் ஜேசு பேராலயத்தில் வேண்டுதலை முடித்துக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் பின்னால் அருகிலிருக்கும் குன்றில் ஏறினோம். பேருந்து ஏற்பாட்டாளர் அந்த இடத்துக்கு இருபது நிமிடந்தான் ஒதுக்கியிருந்தார். வழிகாட்டி அவரிடம் வாதாடி ஒரு மணி நேரம் வாங்கித் தந்தார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

46 மீட்டர் உயரத்துக்கு எழுப்பப்பட்ட அந்தக் கூண்டில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். அகுஸ்தினார் சபைத் துறவிகள் 1602-இல் கட்டி முடித்த ஆலயத்தைச் சேர்ந்தது அது. 1835-இல் போர்த்துக்கீசிய அரசு துறவிகளை வெளியேற்றிய பிறகு கேட்பாரின்றிப் பாழடைந்து, 1842-இல் ஆலயத்தின் கூரை வளைவு இடிந்தது. 1931-இல் முகப்பும் கூண்டின் பாதியும் சரிந்தன.

கட்டுமானம் முழுவதும் செம்பூராங்கல். வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் கல் அது. தேன்கூடு போல உடம்பெல்லாம் துளை. மேலே பூசிய சுண்ணாம்புதான் அதற்குக் குடை என்பதால், பூச்சு உதிர்ந்த இடங்களில் மழை அரித்துத் துளைகள் பெரிதாகி, அவற்றுக்குள் பாசி கறுத்துக் கிடந்தது. எங்களுடன் வந்த பாட்டி ஒருவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, "தனுஷ்கோடிக் கோயில் செவுரும் இப்படித்தானம்மா இருக்கு" என்றார். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்தக் கோயில் பவளப்பாறைக் கல்லால் எழுந்தது. கல் வேறுதான், ஆனால் கைக்குத் தெரிந்த சொரசொரப்பு ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

இடிபாடுகளின் தரையெங்கும் கல்லறைப் பலகைகள். 1624-இல் பாரசீகத்தில் கொல்லப்பட்ட ஜார்ஜிய அரசி கெத்தேவானின் எலும்பு இங்கேதான் கண்டெடுக்கப்பட்டு, 2021-இல் ஜார்ஜியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. வழிகாட்டி நிறுத்திச் சொல்லாவிட்டால் அந்த இடத்தை நாங்கள் சும்மா கடந்து போயிருப்போம்.

பிறகு அவர் மேலே தெரிந்த வெற்று வளைவைக் காட்டி மணியின் கதையைச் சொன்னார். ஆலயம் கைவிடப்பட்டபின் மணியை இறக்கி, 1841 முதல் 1871 வரை அகுவாதா கோட்டையின் கலங்கரை விளக்கத்தில் வைத்திருந்தார்களாம். அருட்சகோதரி ஒருவர் அதைத் தமிழில் சொன்னதும், அதுவரை நிழல் தேடி ஒதுங்கியிருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்து வந்தார்கள். எங்கள் கரையில் கோயில் மணி செபத்துக்கு மட்டும் உரியதல்ல. கடலுக்குப் போன படகு கரை சேரத் தாமதமானாலும் அதை அடித்துத்தான் ஊரைக் கூட்டுவார்கள். ஆகவே, கோயிலை விட்டு வந்த மணி முப்பது ஆண்டுகள் கடலோரத்தில் இருந்தது என்ற செய்தி அவர்களுக்கு வெறும் வரலாறாகப் படவில்லை. மணியைப் பார்த்தே தீரவேண்டும் என்று அவர்களே கேட்டார்கள்.

பனாஜியின் அமலோற்பவ அன்னை ஆலயத்தில், வளைந்து வளைந்து ஏறும் வெள்ளைப் படிக்கட்டுகளுக்கு மேலே, முகப்பின் உச்சியில் அது தொங்குகிறது. பழைய கோவாவின் இன்னோர் ஆலயமான சே கதீட்ரலின் பொன்மணிக்கு அடுத்து கோவாவில் பெரிய மணி இதுவே. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மூவேளை செபத்துக்கு மணி ஒலித்ததும் பாட்டி படியிலேயே முழந்தாளிட்டார். சாலை இரைச்சலுக்கு நடுவே நாங்களும் தமிழில் செபத்தைச் சொன்னோம்.

ஆகவே, பயணத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே பனாஜி ஆலயத்தையும் நிரலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குன்றில் நிழல் குறைவு. முதியவர்கள் இருந்தால் காலையிலேயே ஏறிவிட்டு, மாலையை மணிக்கு ஒதுக்குங்கள்.