பேப்பர் இல்லாத ராஜபாளையம் குட்டிகளை என்ன விலைக்குக் கொடுப்பது?

கேள்வி: ராஜபாளையத்துக்கு மேற்கே மாந்தோப்பு வைத்திருக்கிறேன். காவலுக்கு வளர்க்கும் வெள்ளைப் பெட்டை நாய் ஏழு குட்டி போட்டு ஐந்து வாரம் ஆகிறது. நான்கு பெட்டை, மூன்று ஆண். ஒன்றுக்கு மட்டும் முதுகில் பழுப்புத் திட்டு. தாயை ராஜபாளையம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், இனச் சான்றிதழ் (பேப்பர்) கிடையாது. பக்கத்துத் தோப்பு நாய்தான் தகப்பன் என்று நினைக்கிறோம். ஒரு தரகர் தலைக்கு 1,500 போட்டு மொத்தமாக இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மதுரையில் இதே குட்டி 15,000 போகும் என்கிறான் மகன். நாயைக் காசுக்கு விற்காதே என்கிறார் அம்மா. என்ன செய்யலாம்?

பதில்: அண்ணாச்சி, முதல் வேலையாகத் தரகருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் இனவிருத்தி விதிகளே சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், ஐந்து வாரக் குட்டி இன்னும் தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும் கடிபட்டு, கடித்து, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்றுக்கொண்டிருக்கிற வயது. அதைப் பிடுங்கி நாலு ஊர்க் குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைத்தால் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ரத்தக் கழிச்சலில் வரிசையாகச் சாகும். பிழைத்ததை அவர் 'ஒரிஜினல்' என்று விற்பார். பேப்பர் கூட நாங்களே போட்டுத் தருகிறோம் என்று சொல்கிற தரகர்களும் இருக்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, விலை. மகன் சொல்கிற 15,000 பதிவுள்ள குட்டிக்கான பேச்சு. தாய் தகப்பன் இரண்டும் நாய் இனங்களைப் பதிகிற கென்னல் கிளப்பின் பதிவில் இருந்து, ஈத்தையும் பதிந்து, அடையாளத்துக்குத் தோலுக்கடியில் மைக்ரோசிப் போட்டுக் கொடுப்பவர் அந்த வம்சாவளிக்குத்தான் காசு வாங்குகிறார். உங்களிடம் அது இல்லை. போதாததற்குத் தகப்பன் யாரென்பதே 'நினைக்கிறோம்' என்ற அளவில்தான் இருக்கிறது. பருவத்தில் இருந்த நாள் முழுக்கத் தாயைக் கட்டியா வைத்திருந்தீர்கள்? தோப்பில் திரிந்த பெட்டை இரண்டு மூன்று நாய்களோடு சேர்ந்திருந்தால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் குட்டிகள் இருக்கலாம், நாயில் அது சாதாரணம். 2005-இல் தபால்தலையில் ஏறிய இனம் என்பதால் பெயரைச் சொன்னாலே விலை எகிறுகிறது, அந்தப் பெயரை விற்காதீர்கள். "தாய் ராஜபாளையம் சாயல், பேப்பர் இல்லை, தகப்பன் உறுதியில்லை, தோப்புக் காவல் நாயின் குட்டி" என்று அப்படியே சொல்லுங்கள். வருகிறவர் வருவார்.

அம்மா சொல்வதையும் நான் முழுக்க ஏற்கவில்லை. இலவசம் என்றதும் யோசிக்காமல் தூக்கிப்போகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் புறவழிச் சாலையில் இறக்கிவிடுகிறார்கள், அதிலும் பெட்டையை. செலவைக் கூட்டிப் பாருங்கள்: பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி, பால் மறந்த பிறகு போடுகிற தீனி. தாய்க்குப் போட்ட சோற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது காவல் காத்துக் கழித்துவிடும். குட்டிக்கு 1,500 ஆனது என்று வைத்தால் 2,500, 3,000 கேட்பது நியாயம். ஆணுக்கும் பெட்டைக்கும் ஒரே விலை. தெரிந்த விவசாயி, நல்ல இடம் என்றால் காசே வாங்காமல் கொடுங்கள், அதில் அம்மா சொல்வதே சரி. முன்பின் தெரியாதவருக்கு மட்டும் சும்மா கொடுக்காதீர்கள்.

விலைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பலரும் இதைச் செய்வதில்லை. முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு, ராஜபாளையத்தில் இது தெரிந்த குறை. ஒவ்வொரு குட்டியாகத் தனியே எடுத்துப் போய், தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக் கூடாது, காற்று படுகிற மாதிரி கை வீசக் கூடாது, அதிர்வை உணர்ந்து எழுந்தாலும் காது கேட்டது போலத் தெரியும். மற்ற குட்டிகளோடு வைத்துப் பார்த்தால் பக்கத்துக் குட்டி எழுவதைப் பார்த்து இதுவும் எழும், ஏமாந்துவிடுவீர்கள். இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காததை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. செவிட்டுக் குட்டி இருந்தால் காவலுக்கோ ரோட்டோர வீட்டுக்கோ கொடுக்க வேண்டாம். சொல்லிவிட்டு, சுற்றுச்சுவர் உள்ள வீட்டுக்கு, கை சைகையில் பழக்கப் பொறுமை உள்ளவருக்குக் கொடுங்கள், இல்லையென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பழுப்புத் திட்டுக் குட்டியை மட்டம் என்று சிலர் ஒதுக்குவார்கள். நிறம் உள்ளதில் இந்தக் குறை பொதுவாகக் குறைவு, தைரியமாகக் கொடுக்கலாம்.

மருந்து விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஆட்டுக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்தைக் கண்ணளவில் ஊற்றிவிடாதீர்கள். குட்டியை எடை போட்டு அளவு சொல்ல வேண்டியது கால்நடை மருத்துவர். பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. முதல் கூட்டுத் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், நீங்கள் போட்டே கொடுங்கள். அடுத்தது மூன்று நான்கு வாரம் கழித்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதம் ஆனதும்; இந்த இரண்டும் வாங்குகிறவர் பொறுப்பு, அட்டையில் தேதியை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

யாருக்குக் கொடுப்பது? வருகிறவரிடம் முந்தி வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் பாதி தெரிந்துவிடும். ஓடிப்போச்சு, வண்டியில் அடிபட்டுச்சு என்று இரண்டு மூன்று கதை சொன்னால் வேண்டாம். சென்னையில் அடுக்குமாடி வீடு என்றால், இது இரண்டடிக்கு மேல் உயரும் நாய், காலையும் மாலையும் ஓட வேண்டும், புது ஆளைச் சேர்க்காது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். மலையடிவாரத்தில் இருக்கிறீர்கள், பன்றி, முயல் வேட்டைக்கு விடத் திடமான குட்டி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி வழக்கு ஆகும், ஶ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இப்போது புலிகள் காப்பகம் வேறு. எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

முடிந்தால் குட்டியை நீங்களே கொண்டுபோய் விடுங்கள், கட்டப்போகிற இடம் கண்ணில் படும். ஒரு வாரத்துக்கான பழகிய தீனியும் ஊசி அட்டையும் கூடவே போகட்டும். அப்புறம் ஒரு தாளில் இரண்டு வரி: வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எனக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும், பெட்டை என்றால் கருத்தடை செய்ய வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்குப் போகிற காகிதம் இல்லைதான், ஆனாலும் கையெழுத்துப் போட்டவன் ரோட்டில் விடுவதற்கு முன் ஒரு போன் போடுவான்.

ஏழுக்கும் எட்டு வாரத்தில் இடம் அமையாவிட்டால் பதற வேண்டாம், பத்து வாரம் பன்னிரண்டு வாரக் குட்டியும் புது வீட்டில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். இடையில் தாயைக் கவனியுங்கள். பால் வற்றியதும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருத்தடைக்கு நாள் குறித்துவிடுங்கள், ஆறு மாதத்தில் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடும். இல்லை, இனி பதிவோடு முறையாகக் குட்டி எடுத்து விற்கத்தான் போகிறேன் என்றால் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்துவிட்டு ஆரம்பியுங்கள்.