ஆங்கில ஐயங்கள்: காலம் காட்டும் சொற்கள்

கேள்வி: தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் பணிபுரிகிறேன். 'ஐ வில் ஃபினிஷ் த ஸ்டாக் லிஸ்ட் அன்டில் ஃப்ரைடே' என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'அன்டில்' என்பதை அடித்து 'பை' என்று திருத்தியிருந்தார். இரண்டும் ஒரே பொருள் தருபவைதாமே? (ஓசூர் வாசகர்)

பதில்: உங்கள் மேலாளர் திருத்தியதே சரி. ஒரு செயலோ நிலையோ குறிப்பிட்ட நேரம் வரை நீடிக்கிறது என்றால் 'அன்டில்'. அந்த நேரத்துக்குள் ஒரு காரியம் நடந்து முடிய வேண்டும் என்றால் 'பை'. கடை ஒன்பது மணி 'அன்டில்' திறந்திருக்கும். சரக்கு ஒன்பது மணிக்குள் வந்து சேர வேண்டுமானால் 'பை நைன்'. இதில் தமிழே நமக்குத் துணை நிற்கிறது. 'வெள்ளிக்கிழமை வரை முடித்துவிடுகிறேன்' என்று நாம் பேசுவதில்லை, 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றே சொல்கிறோம். ஆகவே எழுதும் முன் வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்; 'வரை' வந்தால் 'அன்டில்', 'க்குள்' வந்தால் 'பை'.

ஆயினும் 'க்குள்' வரும் இடமெல்லாம் 'பை' ஆகிவிடாது. கிழமை, தேதி, மணி ஆகியவற்றுக்குத்தான் 'பை'. இரண்டு நாளுக்குள், ஒரு மணி நேரத்துக்குள் என்று கால அளவைச் சொல்லும்போது 'வித்தின்' வர வேண்டும். 'இன் டூ டேஸ்' என்று எழுதினாலோ, பெரும்பாலும் இரண்டு நாள் கழித்து என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

எதிர்மறை வாக்கியத்தில் இன்னும் கவனம் தேவை. 'த லாரி வில் நாட் கம் அன்டில் ஃப்ரைடே' என்றால் லாரி வெள்ளிக்கிழமைதான் வரும், அதற்கு முன் வராது என்று பொருள். வெள்ளிக்கிழமையும் வராது என்று புரிந்துகொண்டு, அன்றைக்கு இறக்குவதற்கு ஆள் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். 'ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் மண்டே' என்பதில் திங்கட்கிழமை விடுப்பில் சேருமா சேராதா என்ற குழப்பம் ஆங்கிலேயருக்கே உண்டு என்பதால், எந்த நாளில் பணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதிவிடுவது நல்லது.

கேள்வி: 'ஐ ஆம் லிவிங் இன் தருமபுரி சின்ஸ் டென் இயர்ஸ்' என்று எழுதியதில் இரண்டு பிழைகள் இருப்பதாக ஆசிரியர் கூறுகிறார். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. (தருமபுரி கல்லூரி மாணவி)

பதில்: முதல் பிழை 'சின்ஸ்'. அதற்குப் பின்னால் தொடக்கம் வர வேண்டும், கால அளவு வரக்கூடாது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 முதல் தனி மாவட்டம் என்பதால் 'சின்ஸ் 2004' பொருந்தும். பத்து ஆண்டுகளாக என்பதற்கு 'ஃபார் டென் இயர்ஸ்'. இதையும் தமிழை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம்: 'முதல்', 'இருந்து' என்றால் 'சின்ஸ்', 'ஆக' என்றால் 'ஃபார்'.

இரண்டாவது பிழைக்கு அந்த உதவி கிடையாது. அங்கே தமிழ்தான் நம்மை வழுக்கி விடுகிறது. பத்து ஆண்டுகளாக வசிக்கிறேன் என்று நாம் நிகழ்காலத்தில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலமோ, முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்குத் தனி வினைவடிவம் வைத்திருக்கிறது. எனவே, 'ஐ ஹேவ் பீன் லிவிங் இன் தருமபுரி ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி. இந்தியாவில் 'ஐ ஆம் லிவிங்' என்று எழுதினாலும் புரிந்துகொள்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் தேர்வுத்தாளைத் திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்வார்.

கேள்வி: 'பிஃபோர் த்ரீ இயர்ஸ்' என்று எழுதலாமா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: 'மூன்று வருடங்களுக்கு முன்பு' என்பதை நாம் அப்படியே கொண்டுபோய் வைப்பதால் வரும் தொடர் இது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'த்ரீ இயர்ஸ் எகோ' என்று எழுத வேண்டும். வேறொரு நிகழ்ச்சியிலிருந்து பின்னோக்கி எண்ணும்போதுதான் 'பிஃபோர்' வரும், அப்போதும் எண் அதற்கு முன்னால் நிற்கும். சேலத்திலிருந்து 1965இல் பிரிந்த தருமபுரி மாவட்டம் கிருஷ்ணகிரிக்கு 38 ஆண்டுகள் முந்தியது என்று சொல்ல, 'தேர்ட்டி எய்ட் இயர்ஸ் பிஃபோர் கிருஷ்ணகிரி' என்று எழுதலாம்.