மூன்று வருடக் கணக்கும் மகளின் பன்னிரண்டாம் வகுப்பும்

அன்புள்ள ஆச்சிக்கு,

தேவகோட்டையிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி காரைக்குடிக்கு வந்து, சிங்கப்பூர்ப் பள்ளிகளின் படங்களை என் மேசையில் பரப்பினீர்கள். எது நல்ல பள்ளி என்று கேட்டீர்கள். சிங்கப்பூரில் உங்கள் கணவரின் வேலை ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று நான் திருப்பிக் கேட்டேன். மூன்று என்றீர்கள். அந்த மூன்றுதான் அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்துக்கு மூன்று வருடம் புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் மூன்று வருடக் கணக்கை முடித்துத்தான் ஊர் திரும்பினார்கள். மனைவி மக்கள் பெரும்பாலும் இங்கேயே இருந்ததால் பிள்ளைகளின் படிப்பை அந்தக் கணக்கு தொடவில்லை. இப்போது குடும்பமாகவே கிளம்புகிறீர்கள்.

மகள் எட்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணிப் பாருங்கள், மூன்று வருடம் ஓடிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு வரும் நேரத்தில் மூட்டை கட்ட வேண்டும். பள்ளி மாற இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. சி.பி.எஸ்.இ. முறையில் 9, 10 ஒரு சேர்க்கை. 11, 12 இன்னொரு சேர்க்கை. நடுவில் 10-க்கோ 12-க்கோ நேராகச் சேர வேண்டுமானால், பெற்றோரின் இடமாற்றத்தைக் காட்டி, நிபந்தனைகளைத் தாண்டி, அனுமதி பெற வேண்டும். ஆகவே பள்ளிக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் கணவர் நிறுவனத்திடம் பேசட்டும். நான்காவது வருடம் உறுதியாகக் கிடைத்தால் அவள் பன்னிரண்டு வரை அங்கேயே முடிக்கலாம். கிடைக்காதென்றால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் நீங்களும் அவளும் முன்னதாக ஊர் திரும்பி, பதினொன்றில் இங்கே சேர்வதே நல்லது. ஒரு வருடம் குடும்பம் பிரிந்திருப்பது வருத்தம்தான். தெரிந்தே சொல்கிறேன்.

மருத்துவம் படிக்க ஆசை என்று அவளே சொன்னாள். அப்படியென்றால் அவளுக்கு அங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளி, அதாவது இந்தியப் பாடத்திட்டப் பள்ளிதான். சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளில் சேர, வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏ.இ.ஐ.எஸ். என்ற தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் எழுத வேண்டும். தேறினாலும், காலி இடம் இருந்தால்தான் பள்ளி கிடைக்கும். வகுப்புகள் தொடங்குவது ஜனவரியில். அந்த வழியில் அலைந்து, பிறகு நீட் தேர்வுக்கு வேறு பாடத்திட்டத்திலிருந்து தாவ வைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கொடுமை. சி.பி.எஸ்.இ. வகுப்புகள் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். நீங்கள் ஜூனில் போய் இறங்கினால் விட்டுப்போன பாடங்களை எப்படி ஈடுகட்டுவார்கள் என்று பள்ளியிடம் இப்போதே கேளுங்கள். படங்களில் உள்ள நீச்சல் குளத்தைப் பற்றிப் பிறகு கேட்கலாம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வெளிநாட்டில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இங்கே மாநில ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்கும்போது நேட்டிவிட்டி சான்றிதழ் தேவைப்படும். அதையும் சாதிச் சான்றிதழையும் கிளம்புவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அங்கிருந்து பறந்துவந்து தாலுகா அலுவலகத்தில் நிற்பதைப் போன்ற தவிப்பு வேறில்லை.

மகன் இரண்டாம் வகுப்புதானே, அவனைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. சிறு வகுப்பில் எந்த மாற்றத்தையும் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருந்தால் அவனை அரசுப் பள்ளிக்கு முயலலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, தாய்மொழிப் பாடமாகவும் கற்பிக்கிறார்கள். ஆனால் மூன்றே வருடம் என்றால், தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பில் அவர்கள் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வை நெருங்கும்போது கிளம்ப வேண்டியிருக்கும். அக்காள் படிக்கும் பள்ளியிலேயே சேருங்கள். இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் அப்பத்தாவுக்குத் தன் கையால் தமிழில் எழுத வேண்டும் என்பது உங்கள் ஆசை மட்டுமல்ல, என் ஆசையும்தான். அவனுடைய தடுப்பூசி அட்டையையும் தேடி எடுத்து வையுங்கள். 12 வயது வரையிலான வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அங்கே தங்கும் அனுமதி கிடைக்காது.

மகளை அப்பத்தாவிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்றும் கேட்டீர்கள். நீங்கள் அதைக் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஆச்சி. முடிவெடுக்கும் முன் அவளிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பேசிய பிறகு, அடுத்த சனிக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.