அனுபவம் இல்லாமல் மைனிங்கில் முதல் வேலை: பெர்த்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) இருக்கிறது, ஊரில் கிடங்கு சூப்பர்வைசராக இருந்த அனுபவம் மட்டும்தான், மைனிங் விளம்பரம் எதைத் திறந்தாலும் சைட் அனுபவம், அதாவது சுரங்கத் தளத்தில் வேலை பார்த்த அனுபவம் கேட்கிறார்கள், பல ஆயிரம் டாலர் கட்டி டம்ப் டிரக் பயிற்சி எடுத்தால் வேலை கிடைக்குமா அண்ணா என்று கேட்டிருந்தீர்கள்.

தம்பி, அந்தப் பணத்தை இப்போது கட்டாதீர்கள். நான் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே பில்பரா பகுதியில் ஓர் இரும்புத்தாது ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். உள்ளே வந்தது ஷட்டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) வேலைகளில் டி.ஏ.வாக, அதாவது ஃபிட்டருக்கு உதவியாளாக. என்னுடன் வேலை பார்க்கும் டிரக் ஓட்டுநர்களில் பெரும்பாலானோர் வேறு ஏதாவது ஒரு வேலையாகச் சுரங்கத்துக்குள் வந்து, அப்புறம்தான் டிரக்குக்குப் போனவர்கள். வெளியிலிருந்து நேராக டிரக் இருக்கைக்குப் போக நினைப்பதுதான் இருப்பதிலேயே கடினமான வழி.

காரணம் இதுதான். இங்கே ஓடும் டிரக்குகள் ஒரு நடைக்கு 200 டன்னுக்கு மேல் சுமப்பவை. பயிற்சி மையத்தில் சில நாள் சிமுலேட்டரில் ஓட்டி வாங்கிய சான்றிதழை மட்டும் நம்பி அதை யாரும் உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். சைட்டில் டிரெய்னர் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டிய மணிநேரத்தைக் குறித்து, திரும்பவும் சோதித்த பிறகே தனியாக விடுவார்கள். அதோடு ஆளில்லா டிரக்குகள் வந்துவிட்டன. ரியோ டின்டோ என்ற பெரிய சுரங்க நிறுவனம் 2008-இலேயே பில்பராவில் சோதனையைத் தொடங்கியது. ஃபோர்டெஸ்கியூவின் சாலமன் சுரங்கத்தில் 2013 முதல் ஓடுகின்றன. பி.எச்.பி.யின் ஜிம்பிள்பார் 2017-இல் முழுவதுமாக மாறியது. ஆகவே இரும்புத்தாதுப் பக்கம் மிஞ்சியிருக்கும் இருக்கைகளுக்கு அனுபவசாலிகளே வரிசையில் நிற்கிறார்கள். கல்கூர்லி பக்கத் தங்கச் சுரங்கங்களில் இன்னும் ஆள் ஓட்டும் டிரக்குகள் நிறைய உண்டு. டிரக்தான் வேண்டும் என்றால், சம்பளம் கொடுத்துக் கற்றுத்தரும் டிரெய்னி இடங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். பெரிய நிறுவனங்கள் அவ்வப்போது அறிவிக்கும். பராமரிப்புப் பக்கம் விருப்பம் இருந்தால் பி.எச்.பி.யின் ஃபியூச்சர்ஃபிட் அகாடமி என்ற பயிற்சி மையம் இருக்கிறது. இவற்றுக்கு நீங்கள் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை.

சைட் அனுபவம் என்று கேட்கும்போது அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒருவரை வேலைக்கு எடுத்தால் மருத்துவப் பரிசோதனை, விமான டிக்கெட், சைட்டுக்குப் பக்கத்துக் கேம்பில் தங்க அறை, சாப்பாடு, இண்டக்‌ஷன் என்று அவர் ஒரு மணிநேரம் வேலை பார்ப்பதற்கு முன்பே செலவு ஏறிவிடுகிறது. முதல் ஸ்விங், அதாவது சைட்டில் தொடர்ந்து இருக்கும் காலம், முடிந்து வீட்டுக்குப் போனவர் திரும்பி வராமல் இருந்தால் அத்தனையும் போச்சு. அப்படி வராமல் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். 12 மணிநேர ஷிஃப்ட், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், இரவு ஷிஃப்ட், டொங்கா எனப்படும் சின்னப் பெட்டி அறை, இரண்டு வாரம் குடும்பத்தைப் பிரிந்திருப்பது, இவற்றையெல்லாம் இந்த ஆள் தாங்குவாரா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. எந்த வேலையாக இருந்தாலும் சரி, சில மாதம் சைட்டில் இருந்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அதனால் முதல் வேலையில் பதவியையோ சம்பளத்தையோ பார்க்காதீர்கள்.

உங்கள் நிலையில் நான் முதலில் முயற்சி செய்வது ஷட்டவுன். எல்லாரும் ஷட் என்றுதான் சொல்வார்கள். கிரஷர், கன்வேயர், மில் இவற்றை நிறுத்தி, தேய்ந்த லைனர்களை மாற்றி, பெல்ட்டை மாற்றி, குறித்த நாளுக்குள் மறுபடி ஓட விட வேண்டும். ஆலை நிற்கும் ஒவ்வொரு மணிநேரமும் நிறுவனத்துக்குப் பெரிய இழப்பு என்பதால் ஒன்று இரண்டு வாரத்துக்கு ஏராளமான ஆட்களை ஒரே சமயத்தில் கொண்டுவருவார்கள். ஃபிட்டர், பாய்லர்மேக்கர், ரிக்கர் எல்லாம் தொழில் தெரிந்தவர்கள். அவர்களுக்குக் கருவி எடுத்துக் கொடுக்க, போல்ட் கழற்ற, சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவ, வெல்டிங் நடக்கும்போது தீ காவல் நிற்க, தொட்டிக்குள் ஆள் இறங்கினால் வாசலில் நின்று கவனிக்க டி.ஏ.க்கள் வேண்டும். தேதி நெருங்கும்போது யாராவது கடைசி நேரத்தில் வராமல் போவார்கள். அந்த இடத்தில்தான் புது ஆளுக்குக் கதவு திறக்கும்.

இந்த ஆட்களை எடுப்பது பெரும்பாலும் லேபர் ஹயர் நிறுவனங்கள், அதாவது சுரங்கங்களுக்கு ஆள் எடுத்து அனுப்புபவை. வொர்க்பேக், புரோகிராம்ட், சாண்ட்லர் மக்லியோட் போன்றவற்றில் பதிவு செய்யுங்கள். ஷட்டவுன் மட்டுமே செய்யும் சிறிய ஒப்பந்த நிறுவனங்களையும் தேடிப் பிடியுங்கள். பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. ரெக்ரூட்டருக்குப் போன் செய்யுங்கள். வாரம் ஒருமுறை, காலையில், மரியாதையாக, இரண்டே நிமிடம். "செவ்வாய்க்கிழமை விமானம் ஏற முடியுமா?" என்று அவர்கள் கேட்கும் நாளில் உங்கள் லைசென்ஸ், சான்றிதழ்கள், போலீஸ் கிளியரன்ஸ், விசா விவரம் எல்லாம் பி.டி.எஃப். ஆகப் போனில் இருக்க வேண்டும். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தால் அடுத்த ஆளுக்குப் போன் போய்விடும். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடுவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

முதல் ஷட்டுக்குப் போனால், ஷிஃப்ட் தொடங்கும் முன் நடக்கும் பிரீஸ்டார்ட் கூட்டத்தில் முன்னால் நில்லுங்கள். புரியாததைக் கேளுங்கள். புரிந்த மாதிரித் தலையாட்டுவது நம் ஆட்களிடம் இருக்கும் பழக்கம். இங்கே அது ஆபத்து, சூப்பர்வைசரும் உடனே கண்டுபிடித்துவிடுவார். பாதுகாப்பில்லை என்று தோன்றினால் வேலையை நிறுத்தும் உரிமை முதல் நாள் வந்தவருக்கும் உண்டு. ஷட் முடிந்து கிளம்பும் முன் சூப்பர்வைசரிடம் போய், அடுத்த ஷட்டுக்கும் கூப்பிடுங்கள், உங்கள் பெயரை ரெஃபரன்ஸாகப் போடலாமா என்று கேளுங்கள். பல பேர் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அடுத்தடுத்த வேலைகள் எல்லாம் இந்தக் கேள்வியால்தான் வந்தன.

ஷட்டவுனுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்? உயரத்தில் வேலை செய்வதற்கான வொர்க்கிங் அட் ஹைட்ஸ், குறுகிய இடத்துக்குள் போவதற்கான கன்ஃபைன்ட் ஸ்பேஸ், அதோடு சேர்த்தே நடத்தப்படும் வாயுப் பரிசோதனை. கட்டுமானத் தளப் பாதுகாப்புப் பயிற்சிக்கான ஒயிட் கார்டும் எடுத்துவிடுங்கள், ஒரே நாளில் முடியும். கையில் இன்னும் பணம் இருந்தால் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ். கிடங்கில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு அது சுரங்கம், கிடங்கு இரண்டு பக்கமும் உதவும். கிரேனில் சுமை கட்டுவதற்கான டாகிங் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டிரக் பயிற்சிக்குக் கட்ட நினைத்த பணத்தில் ஒரு பகுதி இவற்றுக்குப் போதும்.

கார் லைசென்ஸ் விஷயத்தில் ஒன்று. இந்திய லைசென்ஸை நேராக மாற்றித் தர மாட்டார்கள், தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். அதை மேனுவல் காரிலேயே செய்யுங்கள். ஆட்டோமேட்டிக்கில் எடுத்தால் லைசென்ஸில் அந்தக் கட்டுப்பாடு விழும். மேனுவல் லைசென்ஸ் கேட்கும் வேலைகள் கைவிட்டுப் போகும்.

ஷட் கிடைக்கத் தாமதமானால் பெர்த்துக்குள்ளேயே ஒரு வாசல் இருக்கிறது, நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாது. சுரங்கங்களிலிருந்து வரும் பாறை மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகங்கள் மடிங்டன், கேனிங் வேல், மலாகா பகுதிகளில் இருக்கின்றன. மாதிரிகளை வரிசைப்படுத்தி, காயவைத்து, நொறுக்கி, மாவாக அரைக்கும் சாம்பிள் பிரெப் வேலைக்கு முன் அனுபவம் அதிகம் கேட்பதில்லை. தூசியும் சத்தமும் உண்டு, நாள் முழுக்க மூட்டை தூக்க வேண்டும். தங்கத்துக்கான ஃபயர் அஸே பிரிவில் ஈய ஆக்சைடு சேர்ந்த பொடியோடு 1000 டிகிரி அளவில் உருக்குவார்கள், அதனால் இரத்தத்தில் ஈயம் பார்ப்பது நடக்கும். முகக்கவசத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். அங்கே கொஞ்ச காலம் இருந்துவிட்டு சைட் ஆய்வகங்களுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, விவசாயிகளிடமிருந்து தானியத்தை வாங்கிச் சேமிக்கும் சி.பி.எச். நிறுவனத்தின் அறுவடைக்கால வேலை. அக்டோபர் வாக்கில் தொடங்கி ஆண்டு முடிவை ஒட்டி ஓடும். புது ஆட்களை நிறைய எடுக்கிறார்கள். சுரங்கம் இல்லைதான், ஆனால் கனரக இயந்திரங்களுக்கு நடுவே நீண்ட ஷிஃப்ட், பாதுகாப்பு விதிகள், ஓர் ஆஸ்திரேலிய மேலாளரின் ரெஃபரன்ஸ், எல்லாம் கிடைக்கும். சுரங்க ரெக்ரூட்டர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கேம்பில் யூட்டிலிட்டி வேலையும் உண்டு: அறை சுத்தம், சமையலறை உதவி. சைட்டுக்குப் போகச் சுலபமான வழி. ஆனால் அங்கிருந்து சுரங்கப் பக்கம் மாறுவது தானாக நடக்காது, நீங்களேதான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டிரில்லர்ஸ் ஆஃப்சைடர், அதாவது துளையிடும் இயந்திரத்தில் உதவியாள், வேலைக்குப் புது ஆட்களை எடுப்பார்கள், ஏனென்றால் பாதியில் விட்டுப் போகிறவர்கள் அதிகம். வெயிலில் இரும்பு ராடுகளோடு மல்லுக்கட்டும் வேலை. உடம்பில் நல்ல வலு இருந்தால் மட்டும் பாருங்கள்.

பெர்த்திலிருந்து 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல்கூர்லியில் போய்க் குடியிருக்க முடியுமா என்றும் யோசியுங்கள். ஊரிலேயே இருப்பவரை எடுத்தால் விமானச் செலவும் கேம்ப் செலவும் மிச்சம், அதனால் உள்ளூர் முகவரிக்கு மதிப்பு அதிகம். குடும்பத்தோடு குடிமாற முடியும் என்றால் இதைத் தீவிரமாகப் பார்க்கலாம்.

ரெஸ்யூமே இரண்டு பக்கம் போதும். புகைப்படம், அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா என்பதெல்லாம் வேண்டாம். முதல் பத்து வரிக்குள் விசா, லைசென்ஸ், சான்றிதழ்கள், எப்போது கிளம்ப முடியும் என்பது வந்துவிட வேண்டும். கிடங்கில் செய்ததை இந்த ஊர் பாஷையில் எழுதுங்கள்: எத்தனை ஆட்களை மேய்த்தீர்கள், எந்த இயந்திரம், இரவு ஷிஃப்ட் உண்டா, விபத்து நேராமல் இருக்க என்ன செய்தீர்கள். விபத்தைப் பற்றிய இந்தக் கேள்வி நேர்காணலில் கட்டாயம் வரும். உண்மையான ஒரு சம்பவத்தைத் தயாராக வைத்திருங்கள்.

மருத்துவப் பரிசோதனையில் காது, நுரையீரல், முதுகு பார்ப்பார்கள், போதைப்பொருளுக்குச் சிறுநீர் சோதனை உண்டு. சைட்டில் ஆல்கஹால் அளவு பூஜ்யம், அதை எப்போது வேண்டுமானாலும் சோதிப்பார்கள். இதில் நம் வீட்டுச் சமையல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: குருமாவில் அரைத்துவிடும் கசகசா. அதைச் சாப்பிட்டால் ஓபியேட் சோதனையில் பாசிட்டிவ் காட்ட வாய்ப்பு உண்டு. மெடிக்கலுக்கு முந்தைய நாட்களிலும், வேலை கிடைத்த பிறகு சைட்டுக்குக் கிளம்பும் முன்னும் விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த இருமல் மருந்து, வலி மாத்திரைகளில் கோடீன் இருக்கிறதா பாருங்கள். இங்கே 2018 பிப்ரவரி முதல் கோடீன் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடையாது. எந்த மருந்து எடுத்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்: அனுபவம் வேண்டாம், சுரங்க வேலை, ஸ்பான்சர் விசா, முன்பணம் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். டி.ஏ., யூட்டிலிட்டி மாதிரி வேலைக்கு ஒருவரை வெளிநாட்டிலிருந்து ஸ்பான்சர் செய்து கொண்டுவந்ததை நான் இத்தனை வருடத்தில் பார்த்ததே இல்லை. உண்மையான லேபர் ஹயர் நிறுவனத்துக்குப் பணம் வருவது சுரங்கத்திடமிருந்து. வேலை தேடும் உங்களிடம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் ஊழியர் உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மனைக் கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் தருவார்கள்.

ஷட் வேலை கேஷுவல், அதாவது வேலை இருக்கும்போது மட்டும் கூப்பிடுவது, என்பதையும் மனதில் வையுங்கள். கேஷுவல் என்பதால் மணிக்கூலி கூடுதலாகத் தெரியும், ஆனால் விடுப்புச் சம்பளம் கிடையாது, இரண்டு ஷட்டுக்கு நடுவே வாரக்கணக்கில் சும்மா இருக்க நேரலாம். அந்த முதல் சம்பளத்தை நம்பி கார் கடன் வாங்காதீர்கள். உலோக விலை இறங்கினால் சுரங்கமே மூடும். 2024 அக்டோபரில் பி.எச்.பி. தன் நிக்கல் சுரங்கங்களை நிறுத்தி வைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தோம்.

உங்கள் மனைவிக்கும் ஆர்வம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். டிரெய்னி இடங்களில் பெண்களுக்கு வாய்ப்பு இப்போது நன்றாகவே இருக்கிறது. 2025-க்குள் ஆண் பெண் சமமாக இருக்க வேண்டும் என்று பி.எச்.பி. 2016-இலேயே இலக்கு வைத்தது. அதே சமயம், சைட்டுகளில் பெண்களுக்கு நேர்ந்த பாலியல் தொல்லைகளைப் பற்றி மேற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2022-இல் கடுமையான அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகு கேம்ப் பாதுகாப்பிலும் குடி விஷயத்திலும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. வேலைக்குச் சேரும் முன் அறைப் பூட்டு, விளக்கு, புகார் சொல்லும் வழி பற்றி அவர் தயங்காமல் கேட்கட்டும். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சைட்டுக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். இங்கே தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லை.

இந்த வாரம் வொர்க்கிங் அட் ஹைட்ஸ், கன்ஃபைன்ட் ஸ்பேஸ் இரண்டுக்கும் தேதி போடுங்கள், போலீஸ் கிளியரன்ஸுக்கு விண்ணப்பியுங்கள். ரெஸ்யூமே தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், நான் வீட்டில் இருக்கும் வாரத்தில் படித்துத் திருத்தித் தருகிறேன். எந்த ரெக்ரூட்டரோடு பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள்.