மகளின் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு மாந்தோப்பு விவசாயம். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு 16 வயது. நான்கு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தோழிகளோடும் பேசுவதில்லை. மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி ஃப்ளூவாக்ஸ்டின் 20 மில்லிகிராம் கொடுத்தார். இன்றோடு ஒன்பது நாள். குமட்டுகிறது, தூக்கமில்லை. இந்த மாத்திரை பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணத்தைக் கொண்டுவரும் என்று என் தம்பி இணையத்தில் படித்திருக்கிறான். அடிமையாகிவிடுவாள் என்று மாமியார் பயப்படுகிறார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் தம்பி படித்தது வதந்தி அல்ல, பாதி செய்தி.

மீதிப் பாதி இது. 2004 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றின் உறையிலும் கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. அதற்கு முன் 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருந்தார்கள். அவற்றில் 4,400க்கும் அதிகமான சிறுவர்களும் வளரிளம் பருவத்தினரும் இருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடமும், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தென்பட்டது. அந்த ஆய்வுகளில் ஒருவர்கூடத் தற்கொலையால் இறக்கவில்லை. அபாயம் சிறியது, ஆனால் உண்மையானது. அதிலும் முதல் சில வாரங்களிலும், அளவைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும்தான் கவனம் வேண்டும். மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு ‘ஒரு மாதம் கழித்து வாருங்கள்’ என்று அனுப்பும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. முதல் மாதம் வாரம் ஒரு முறையாவது, தொலைபேசியிலாவது, பிள்ளையிடம் பேச வேண்டும்.

அப்படியானால் எதற்கு இந்த மருந்து? 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 12 முதல் 17 வயது வரையிலான 439 பேர் பங்கேற்றார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து, ஃப்ளூவாக்ஸ்டினோடு உளவியல் சிகிச்சையும் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். மருந்து மட்டும் என்றால் 61, உளவியல் சிகிச்சை மட்டும் என்றால் 43, வெற்று மாத்திரைக்கு 35. எனவே ஆலோசகரிடமும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்; மாத்திரை மட்டும் பாதி வைத்தியம்தான். எல்லா மருந்தும் ஒன்றல்ல என்பதையும் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். பராக்ஸெட்டின் என்ற மருந்து வளரிளம் பருவத்தினருக்கு நன்றாக வேலை செய்வதாக 2001இல் ஒரு கட்டுரை வந்தது. அதே தரவுகளை 2015இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி அலசியபோது பலனும் இல்லை, தீங்கும் கூடுதல் என்று தெரிந்தது. மருந்து நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் ஆய்வை நாங்கள் இரண்டு முறை படிப்பது அதனால்தான். ஃப்ளூவாக்ஸ்டினுக்கு இந்த வயதில் இருக்கும் சான்று அதைவிட எவ்வளவோ வலுவானது.

இனி உங்கள் மகளின் தொல்லைகள். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காமல், காலையில் களியோ இட்லியோ சாப்பிட்ட பிறகு கொடுங்கள். இரவில் கொடுத்து வந்தீர்களானால் தூக்கம் கெடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பலரை 10 மில்லிகிராமில் தொடங்குவதுண்டு. உங்கள் மகளுக்கும் சில நாள் குறைக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஒன்பது நாளில் தீர்ப்பு எழுத முடியாது.

நான் பயப்படுவது குமட்டலுக்கு அல்ல. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் தவிப்பது, தொட்டதற்கெல்லாம் சீறுவது, இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வழக்கத்துக்கு மாறான குதூகலத்தோடு ஓயாமல் பேசுவது, சாவைப் பற்றிப் பேசுவது, தன் பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இரவென்றாலும் காத்திருக்க வேண்டாம்.

என்னிடம் வந்த ஒரு தாய், தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதிக் கொண்டுவந்தார். ‘ஒன்றரை மணிக்கு எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.’ இப்படி ஏழு தாள். அந்த நடையைப் படித்துத்தான் அளவைக் குறைத்தேன். நீங்களும் எழுதுங்கள்.

மகளிடம் நேராகவே கேளுங்கள்: ‘செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா கண்ணு?’ கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. சொல்ல ஒரு வழி கிடைக்கிறது.

மாமியாருக்கு: இது தூக்க மாத்திரை இல்லை, போதையும் தராது. ஆனால் இந்த வகை மருந்துகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். ஃப்ளூவாக்ஸ்டின் உடம்பை விட்டு வெளியேறப் பல வாரம் ஆவதால் அந்தத் தொல்லை இதில் குறைவு. குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்துவிட்டுப் படிப்படியாகத்தான் நிறுத்துவார்கள். இருமலுக்கோ வலிக்கோ கடையில் எதையாவது வாங்கிக் கொடுப்பதற்கு முன் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். சில மருந்துகள் இதோடு ஒத்துப்போகாது.

நம் ஊரில் மருந்து என்றால் இரண்டு. மாத்திரையும் மருந்துதான், மாமரத்துக்கு அடிப்பதும் மருந்துதான். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை. மாம்பூ சமயத்தில் வாங்கி மிச்சம் வைத்தது மோட்டார் கொட்டகையிலோ பரண் மீதோ இருந்தால், இன்றைக்கே பூட்டி வையுங்கள். சாவி உங்கள் கணவரிடம் இருக்கட்டும். முடிந்தால் தோட்டத்திலிருந்தே அகற்றிவிடுங்கள். மாத்திரை அட்டையும் உங்கள் பொறுப்பிலேயே இருக்க வேண்டும்; தினம் ஒன்றை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

மருத்துவர் கிடைக்காத நேரத்தில் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையைக் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை. ஆபத்து என்று தோன்றினால் 108. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். போகும்போது மாத்திரை அட்டையையும் நீங்கள் எழுதிய தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள்.