வாசகர் கேள்வி பதில்: கண்ணாடியும் கணினிக் கணிப்பும்

கேள்வி: கண்ணாடியில் கலந்துள்ள ஆக்சைடுகளின் அளவைக் கொடுத்தால் அதன் ஒளிவிலகல் எண்ணை (ஒளியை அது எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் எண்) கணிக்கும் இயந்திரக் கற்றல் மாதிரி ஒன்றை முதுநிலைத் திட்டப்பணிக்காக உருவாக்கியுள்ளேன். சோதனைத் தரவில் பிழை மிகக் குறைவாகவே வருகிறது. இதை நம்பிப் புதிய கண்ணாடியை உருக்கிப் பார்க்கலாமா?
– மாணவி, காட்பாடி

பதில்: உருக்கிப் பார்க்கலாம், ஆனால் உலையை மூட்டுவதற்கு முன், சோதனைத் தரவை எப்படிப் பிரித்தீர்கள் என்பதைச் சரிபாருங்கள். சைகிளாஸ் போன்ற கண்ணாடிப் பண்புத் தரவுத்தளங்களில் ஒரே சேர்மானம், வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் அளக்கப்பட்டு, பல வரிசைகளில் இடம்பெற்றிருக்கும். வரிசைகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்தால் அதே கண்ணாடி பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். மனப்பாடம் செய்த மாணவனுக்கு அதே வினாத்தாளைக் கொடுத்தது போல மாதிரியும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஒத்த சேர்மானங்களை ஒரே பக்கத்தில் வையுங்கள். அதைவிடக் கடுமையான சோதனை, டெல்லூரைட் போன்ற ஒரு கண்ணாடிக் குடும்பத்தையே பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டு, பிறகு அதைக் கணிக்கச் சொல்வது. பிழை பெரும்பாலும் கூடும். புதிய கண்ணாடிக்கு நீங்கள் நம்ப வேண்டியது அந்தக் கூடிய பிழையைத்தான்.

அடுத்து அலகு. ஈய ஆக்சைடும் சிலிக்காவும் எடையில் பாதிக்குப் பாதி கலந்த கண்ணாடியை மோல் விழுக்காட்டில், அதாவது எடைக்குப் பதில் மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கில் எழுதினால், ஈய ஆக்சைடு ஏறத்தாழ 21 மட்டுமே வரும், ஏனெனில் அதன் மோல் நிறை 223, சிலிக்காவினுடையது 60. எடைக் கணக்கில் தரப்பட்ட 50-ஐ யாரோ மோல் பத்தியில் ஏற்றியிருந்தால், மாதிரி அதையும் உண்மையென்றே கற்றுக்கொள்ளும். ஈயம் ஒளிவிலகல் எண்ணை வெகுவாக உயர்த்தும் பொருள் என்பதால் இந்தக் குழப்பம் சிறிய பிழையோடு நிற்பதில்லை.

பல முடிவு மரங்களின் சராசரியைக் கணிப்பாகத் தரும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையைப் பயன்படுத்துகிறீர்களானால் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: பயிற்சித் தரவில் உள்ள மிக உயர்ந்த ஒளிவிலகல் எண்ணைத் தாண்டிய எதையும் அதனால் சொல்லவே முடியாது. அதுவரை யாரும் உருக்காத உயர்மதிப்புக் கண்ணாடியைத் தேடுவோருக்கு இது பெரிய குறை.

இவையெல்லாம் சரியாக அமைந்த பிறகும், ஒரே உருகலை வேகமாகவும் மெதுவாகவும் குளிரவைத்தால் ஒளிவிலகல் எண் சற்று மாறும். லென்ஸுகளுக்குப் பயன்படும் பிகே7 என்ற கண்ணாடிக்கு 1.5168 என்று நான்காம் தசமம் வரை அச்சிடுகிறார்கள். லென்ஸ் வடிவமைப்பவருக்கு அந்த இடமும் முக்கியம். சேர்மானத்தை மட்டும் பார்க்கும் மாதிரி அங்கே தடுமாறத்தான் செய்யும். ஆகவே நூறு சேர்மானங்களில் எந்த ஐந்தை உருக்குவது என்று தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்துங்கள். இறுதி மதிப்பை அளந்தே எழுதுங்கள்.

கேள்வி: என் கடையில் விற்கும் 'ஹை இண்டெக்ஸ்' மூக்குக்கண்ணாடி லென்ஸுகளுக்கும் இந்தக் கணிப்பு பொருந்துமா?
– கண்ணாடிக்கடை உரிமையாளர், இராணிப்பேட்டை

பதில்: பொருந்தாது. அவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். ஆக்சைடு தரவில் பழகிய மாதிரிக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளரிடம் ஒளிவிலகல் எண்ணோடு ஆபி எண்ணையும் சொல்லுங்கள். அது குறையக் குறைய, லென்ஸ் ஒளியை நிறங்களாகப் பிரிப்பது கூடும். சிஆர்-39 என்ற வழக்கமான பிளாஸ்டிக் லென்ஸுக்கு அது 58 அளவில் இருக்கும். பாலிகார்பனேட்டுக்கு 30 அளவுதான். லென்ஸ் மெலிந்தாலும், அதன் ஓரத்து வழியாகப் பார்க்கையில் நிறவிளிம்பு தெரிவது இதனால்தான்.

கேள்வி: காவலூர்த் தொலைநோக்கியின் பெரிய ஆடிக்கும் ஒளிவிலகல் எண் பார்த்துத்தான் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார்களா?
– ஆசிரியர், ஆலங்காயம்

பதில்: இல்லை. பழைய வட ஆற்காட்டு மாவட்டத்துச் சவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் ஆடியில், ஒளி கண்ணாடிக்குள் நுழைவதே இல்லை. மேற்பரப்பில் படிந்துள்ள அலுமினியப் பூச்சிலேயே எதிரொளித்துத் திரும்பிவிடுகிறது. மலைமேல் இரவில் குளிர் இறங்கும்போது ஆடியின் வடிவம் மாறாதிருக்க வேண்டும் என்பதே அங்கு முதன்மையான தேவை. அதனால்தான் வெப்பத்தால் ஏறக்குறைய விரிவடையாத செரோடூர் பயன்படுத்தப்பட்டது. அது முழுக் கண்ணாடியும் அன்று. உருக்கி வார்த்த பின் கட்டுப்பாட்டோடு சூடாக்கி, உள்ளே நுண்படிகங்களை வளர்த்த கண்ணாடிப் பீங்கான். அந்தப் படிகங்கள் வெப்பத்தில் சுருங்க, சுற்றியுள்ள கண்ணாடிப்பகுதி விரிய, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்பதையும் தரவில் சேர்க்காமல், ஆக்சைடு அளவுகளை மட்டும் கொண்டு இப்பண்பைக் கணிக்க முடியாது.