தனியாகக் கேட்டால் கனம், சேர்த்தால் ஒல்லி: டிரம்ஸ் மிக்ஸிங்கில் என்ன கோளாறு?

கேள்வி: மிக்ஸிங் பழகுவதற்காக, மிக்ஸிங் நூலாசிரியர் மைக் சீனியரின் இலவச மல்டிடிராக் (ஒவ்வொரு கருவியும் தனித்தனிப் பதிவாக உள்ள) நூலகத்திலிருந்து ஒரு ராக் பாட்டை இறக்கினேன். ஒவ்வொரு டிராக்கும் தனியாகக் கேட்டால் அருமை. சேர்த்துப் போட்டால் டிரம்ஸ் ஒல்லியாகிவிடுகிறது, கிடார் வந்ததும் குரல் அமுங்கிப்போகிறது. ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்குவது), கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) எல்லாம் போட்டும் பயனில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: போட்ட பிளகின்களை முதலில் எடுத்துவிடுங்கள். தனியாக நன்றாக இருப்பது சேரும்போது மெலிகிறதென்றால், டிராக்குகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். நீங்களே பதிவு செய்திருந்தால் எந்த மைக் எங்கே இருந்தது என்று தெரிந்திருக்கும். அடுத்தவர் பதிவில் அதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டிரம் செட்டில் உள்ள ஸ்னேர் டிரம்மை எடுத்துக்கொள்வோம். அதன் அடி பக்கத்து மைக்கில் உடனே விழுகிறது. ஒரு மீட்டர் மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்கிலும் விழுகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆகவே ஓவர்ஹெட்டுக்கு ஏறக்குறைய 3 மில்லிவிநாடி தாமதம். அந்தத் தாமதத்தில் 170 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் எதிரெதிராக நின்று அடிபட்டுப்போகும். ஸ்னேரின் கனம் இருப்பதே அந்த வட்டாரத்தில்தான். டிரம் பஸ்ஸில் (டிரம் டிராக்குகள் எல்லாம் சேரும் சேனலில்) ஈக்யூ போட்டு அதை ஏற்றினாலும், ஏற்றுவதற்கு அங்கே பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது.

அதனால் ஓவர்ஹெட்டிலிருந்து தொடங்குங்கள். முழு டிரம் செட்டும் அதில் இருக்கிறது. மோனோவில் (இடம், வலம் பிரிக்காமல்) கேட்டபடி ஸ்னேரைச் சேர்த்து, அதன் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை மாற்றி மாற்றி அழுத்துங்கள். எதில் அடி கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), அப்புறம் டாம் டிரம்கள், இதே மாதிரி. ஸ்னேருக்கு அடியில் வைத்த மைக் தனியாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மேல் மைக்கை விட்டுத் தோல் விலகும்போது கீழ் மைக்கை நோக்கி வருவதால், அதன் போலாரிட்டி பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். பதிவு செய்தவர் ஏற்கெனவே திருப்பியிருக்கலாம், திருப்பாமலும் விட்டிருக்கலாம்.

அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஓவர்ஹெட்டை ஸ்னேரோடு நேராக நகர்த்திவைக்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிக்கும் டாமும் வேறு தூரத்தில் இருக்கின்றன. ஸ்னேருக்குச் சரியானது அவற்றுக்குக் கெடலாம். அறையின் ஒலியைப் பிடிக்கத் தள்ளிவைத்த ரூம் மைக்கை நிச்சயமாக நகர்த்தாதீர்கள். அந்தத் தாமதம்தான் டிரம்ஸுக்கு அறையின் பருமனைக் கொடுக்கிறது.

பேஸ் கிடார் அப்படியல்ல. டிஐ டிராக்கும் (கருவியிலிருந்து நேரே கம்பி வழியாக எடுத்தது) ஆம்ப் மைக்கும் (ஆம்ப்ளிஃபையர் முன் வைத்தது) ஒரே கருவியின் இரண்டு பிரதிகள். ஆம்ப் டிராக்கைத் தயங்காமல் முன்னே இழுத்து நேராக்கலாம்.

கிடாருக்கு வருவோம். ஃபைல் பெயரில் 57, 421 என்று இருந்தால் அவை மைக் மாடல் எண்களாக இருக்கும்: ஷூர் எஸ்எம்57, சென்ஹைசர் எம்டி421. அதாவது ஒரே வாசிப்புக்கு இரண்டு மைக். இரண்டையும் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமில்லை. பாட்டுக்குப் பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்றதை மியூட் செய்வது பல நேரம் சிறந்த முடிவு. இரண்டு தடவை தனித்தனியாக வாசித்த டிராக்குகள் என்றால் ஒன்றை இடக்கோடிக்கும் மற்றதை வலக்கோடிக்கும் தள்ளுங்கள். நடுவில் குரலுக்கு இடம் கிடைக்கும். போதாவிட்டால் குரல் ஓடும்போதே கிடாரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். கிடாரை சோலோ போட்டு இதைச் செய்யாதீர்கள். தனியாகக் கேட்டால் குறைத்தது தப்பாகவே தெரியும். டிஸ்டார்ஷன் கிடாருக்குப் பொதுவாகக் கம்ப்ரஸரும் வேண்டாம், டிஸ்டார்ஷனே அதை அமுக்கிவைத்திருக்கிறது.

இதெல்லாம் முடித்து, ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை மட்டும் வைத்துப் பாட்டு ஓடுகிற நிலைக்கு வந்த பிறகு கம்ப்ரஸரை எடுங்கள். இன்னொன்று: அந்த நூலகத்துப் பாட்டுகள் கற்றுக்கொள்வதற்காகத் தரப்பட்டவை. உங்கள் மிக்ஸை வணிக ரீதியாகப் பயன்படுத்த நினைத்தால் முதலில் உரிமையாளர்களிடம் அனுமதி வாங்குங்கள்.